எளிய வழி தாழ்ந்ததா?

துன்பப்பட்டு அடைந்ததே மேலானது என்ற எண்ணம் மனித மனத்தில் ஆழமாக வேரூன்றியுள்ளது. படியேறி மலைக்கோயிலை அடைந்தவர், வாகனத்தில் வந்து இறங்கியவரைச் சற்று இளக்காரமாகப் பார்ப்பதுண்டு. தெருவிளக்கின் அடியில் படித்து முன்னேறிய தந்தை, எல்லா வசதிகளுடனும் படிக்கும் மகனிடம் தம் இளமைக்கால இன்னல்களை அடிக்கடி எடுத்துரைப்பதுண்டு. இவற்றின் பின்னால் ஓர் அறக்கேள்வி மறைந்திருக்கிறது. பிறர் அமைத்துக் கொடுத்த எளிய வழியில் சென்று பெறும் பேறு மதிப்பில் குறைந்ததா?

இக்கேள்வியை ஆராய இரண்டு பனிக்கால மலையிடுக்குகள் துணை செய்கின்றன. ஒன்று கனடாவில் இருக்கிறது. மற்றொன்று இந்தியாவின் லடாக்கில் இருக்கிறது.

குழந்தையும் காணும் பனியருவி

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், ராக்கி மலைத்தொடரில் பான்ஃப் தேசியப் பூங்கா பரந்து கிடக்கிறது. அங்கே ஓர் ஓடை, சுண்ணாம்புப் பாறையைப் பல ஆயிரம் ஆண்டுகளாக அரித்து ஒரு குறுகிய, ஆழமான பிளவை உண்டாக்கியுள்ளது. அதுவே ஜான்ஸ்டன் மலையிடுக்கு. இருபுறமும் பாறை செங்குத்தாக நிற்க, கால் வைக்க இடமில்லாத இடங்களில் பாறைச் சுவரிலேயே நடைமேடைகள் பொருத்தப்பட்டுள்ளன. விளிம்பில் கைப்பிடிக் கம்பிகள் உண்டு. நுழைவிடத்திலிருந்து கீழ் அருவிக்குச் சுமார் 1.2 கிலோமீட்டர், மேல் அருவிக்குச் சுமார் 2.5 கிலோமீட்டர். வழுக்காதிருக்கக் காலணியின் அடியில் உலோகப் பற்கள் கொண்ட பட்டையை மாட்டிக்கொண்டால், கடுங்குளிரிலும் சிறுவர் முதல் முதியோர் வரை குடும்பமாக நடந்து செல்ல முடிகிறது.

பாதையின் முடிவில் அருவி அசையாமல் நிற்கிறது. ஓடும் நீர் ஒரே நாளில் உறைவதில்லை. முதலில் பாறையில் தெறிக்கும் துளிகள் உறைகின்றன. பிறகு விளிம்புகளில் பனி விழுதுகள் தொங்குகின்றன. அவை ஒன்றோடொன்று சேர்ந்து தூண்களாகி, இறுதியில் திரையாக மூடுகின்றன. அத்திரையின் பின்னால் நீர் தொடர்ந்து இறங்கிக்கொண்டே இருக்கிறது. அடர்ந்த பனி, ஒளியின் சிவப்புப் பகுதியை உறிஞ்சிக்கொள்வதால் நீலமாகத் தோன்றுகிறது. காற்றுக் குமிழ்கள் நிறைந்த பனி வெண்மையாகத் தோன்றுகிறது.

சுமார் 30 மீட்டர் உயரமுள்ள மேல் அருவியில், கையில் பனிக்கோடரியும் இடுப்பில் கயிறுமாகச் சிலர் ஏறிக்கொண்டிருப்பதைக் குளிர்காலத்தில் காணலாம். எதிரே உள்ள நடைமேடையில் ஒரு குழந்தை தந்தையின் கையைப் பிடித்தபடி அதே அருவியைப் பார்த்து நிற்கலாம். இருவரில் யார் அருவியை உண்மையாகக் கண்டவர்?

முயற்சியின் பயன் எது?

ஏறியவருக்கு உழைப்பின் பயன் நிச்சயமாக உண்டு. உடல் வலிமை, பயிற்சி, அச்சத்தை அடக்கும் ஆற்றல் ஆகியவை அவருடையவை. அவற்றைக் கைப்பிடிக் கம்பி தர முடியாது. ஆனால் அருவியின் அழகு அவருடைய உழைப்பால் விளைந்தது அன்று. அது குழந்தைக்கும் அவருக்கும் ஒன்றே போல் வழங்கப்படுகிறது. முயற்சி மனிதனைப் பக்குவப்படுத்துகிறது. காணப்படும் பொருளின் மேல் அவனுக்குத் தனி உரிமை எதையும் அது தருவதில்லை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும்போதுதான் உழைப்பு அகங்காரமாகத் திரிகிறது.

ஆனாலும் கடினமான வழிக்கு ஒரு சிறப்பு இருப்பதை மறுக்க இயலாது. அங்கே ஒவ்வோர் அடியும் முழுக் கவனத்தைக் கேட்கிறது. கவனம் சிதறினால் கால் வழுக்கும். எளிய பாதை அப்படிக் கேட்பதில்லை. பேசிக்கொண்டும், படம் எடுத்துக்கொண்டும், எதையும் பாராமலேயே போய் வந்துவிடலாம். கடினமான வழி மனிதனிடமிருந்து கவனத்தைக் கட்டாயமாகப் பெற்றுக்கொள்கிறது. எளிய வழியில் அதை அவன் தானே மனமுவந்து அளிக்க வேண்டியிருக்கிறது. இரண்டாவது எளிதென்று யார் சொல்ல முடியும்?

ஆன்மிக வாழ்வைக் கத்திமுனை மேல் நடப்பதற்கு ஒப்பிடும் மரபு இந்நாட்டில் தொன்மையானது. அந்தக் கடுமை உள்ளத்தைப் பற்றியது. கோயில் வாசல் வரை சாலை அமைக்கலாம். தலை தாழ்வதற்குச் சாலை இல்லை. புறவழி எளிதாவதால் அகவழியின் கடுமை சிறிதும் குறைவதில்லை. எனவே புறத்துன்பத்தை நீக்குவதால் தவம் அழிந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை.

யாருடைய துன்பத்தை யார் போற்றுவது?

லடாக்கின் சான்ஸ்கர் பள்ளத்தாக்கு இக்கேள்விக்கு மற்றொரு பக்கத்தைக் காட்டுகிறது. குளிர்காலத்தில் பென்சி லா முதலிய கணவாய்களைப் பனி மூடிவிடும். அப்போது வெளியுலகுக்குச் செல்ல அம்மக்களுக்கு நெடுங்காலம் இருந்த வழி, உறைந்த சான்ஸ்கர் ஆறு ஒன்றே. ஆற்றின் மேல் போர்வைபோல் விரியும் அப்பனியை 'சாதர்' என்பர். செங்குத்தான பாறைகளுக்கு இடையே, உறைந்த அருவிகளைக் கடந்து, இரவில் குகைகளில் தங்கி, பல நாள் நடந்து அவர்கள் லே நகரை அடைந்தனர். விற்பதற்கு வெண்ணெய் சுமந்து சென்றனர். பள்ளியில் சேர்க்கப் பிள்ளைகளை அழைத்துச் சென்றனர். முன்னே செல்பவர் கோலால் பனியைத் தட்டி, அதன் ஓசையைக் கேட்டு, அது தாங்குமா என்று அறிந்தார். அதுவும் குடும்ப நடையே. ஆனால் அங்கே கைப்பிடிக் கம்பி இல்லை.

பிற்காலத்தில் இவ்வழி சாகசப் பயணிகளிடையே புகழ்பெற்றது. ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் பலர் இதை நாடி வரலாயினர். சான்ஸ்கர் மக்கள் அவர்களுக்கு வழிகாட்டிகளாகவும் சுமை தூக்குவோராகவும் பொருளீட்டினர். பயணி போற்றிய அதே பனி, கிராமத்து நோயாளிக்குத் தடையாக இருந்தது. மலையிடுக்கின் வழியே சாலை வேண்டும் என்பது அம்மக்களின் நீண்டநாள் விருப்பம். 298 கிலோமீட்டர் நீளமுள்ள நிம்மு–பதும்–தார்ச்சா சாலை 2024 மார்ச்சில் முழுவதும் இணைக்கப்பட்டது.

பழைய வழி மறைவதில் இழப்பே இல்லை என்று கூற முடியாது. பனியின் ஓசையை அறியும் நுண்ணறிவு, வழிநடையில் ஒருவரையொருவர் தாங்கும் பழக்கம் ஆகியவை மெலியக்கூடும். ஆயினும் அந்த இழப்பை எடைபோடும் உரிமை, பனியில் பிள்ளையை நடத்திச் சென்ற தந்தைக்கே முதலில் உரியது. தானே விரும்பி ஏற்கும் துன்பம் தவமாகலாம். வேறு வழியின்றி ஒருவர் மேல் சுமத்தப்பட்ட துன்பத்தைத் தவம் என்று புகழ்வது, இரக்கமின்மைக்கு அணியும் அழகிய ஆடையே.

எளிமைக்கு உரிய கடன்

அப்படியானால் எளிய வழியில் செல்பவனுக்குக் கடமை ஏதும் இல்லையா? உண்டு. முதற்கடமை நன்றி. ஜான்ஸ்டன் மலையிடுக்கில் குழந்தை அச்சமின்றி வைக்கும் ஒவ்வோர் அடியின் கீழும், பாறையில் துளையிட்டு நடைமேடையைப் பொருத்திய பெயர் தெரியாத தொழிலாளரின் உழைப்பு இருக்கிறது. எளிமை என்பது பெரும்பாலும் பிறர் முன்னரே பட்டுத் தீர்த்த துன்பம்.

இரண்டாவது அடக்கம். அம்மலையிடுக்கின் பாறைகளில் கருந்துரித உழவாரக் குருவிகள் கோடையில் கூடு கட்டுகின்றன. ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டையிடும் அப்பறவை, கனடாவில் அழியும் நிலையில் உள்ளதாக அறிவிக்கப்பட்டுள்ளது. அவற்றின் பொருட்டு, அம்மாதங்களில் பாதையை விட்டு விலகிச் செல்வது தடை செய்யப்பட்டுள்ளது. கம்பி மனிதனைக் காப்பதோடு, மனிதனிடமிருந்து பிற உயிரையும் காக்கிறது. தனக்கெனப் பாதை பெற்றவன் அதன் எல்லைக்குள் நிற்பதும் அறமே.

மூன்றாவது, பெற்ற எளிமையைப் பிறருக்கும் நீட்டுவது. குடும்பமாகச் செல்லும் நடையில் வேகத்தை நிர்ணயிப்பது மிகச் சிறிய கால்களே. வலியவர் தம் நடையைத் தளர்த்துவதால் அருவியைச் சற்றுத் தாமதமாகவே காண்கிறார். ஆனால் தாம் மட்டும் காணாமல், அனைவரும் காண்பதற்குக் காரணமாகிறார்.

கடின வழியில் நடந்த பெரியோரின் பெருமையும் இதில்தான் விளங்குகிறது. தாம் பட்ட துன்பத்தைப் பின்வருவோரும் பட வேண்டும் என்று அவர்கள் விரும்பவில்லை. தம் காலில் தைத்த முள்ளைப் பிடுங்கி, வழியில் கிடந்தவற்றையும் அகற்றிச் சென்றனர். எளிய வழி தாழ்ந்தது அன்று. அதில் கவனமின்றி நடப்பதும், அதை அமைத்தவரை மறப்பதும், தனக்குப் பின் வருபவருக்கு அதை மறுப்பதுமே தாழ்ந்தவை.