அவனுடைய இருபது வயது

கல்லூரித் தோழன் ஒருவனின் பதினாறாம் நாள் காரியத்துக்குப் போன நாங்கள், துக்க வீடு என்பதையும் மறந்து திண்ணையில் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தோம். அவனைப் பற்றிப் பேசினால் வேறு எதுவும் வராது.

பி.யு.சி. போய், 1978இல் பிளஸ் டூ வந்தது. அதில் தேறிய முதல் அணி நாங்கள். 1980இல் பி.எஸ்சி. வேதியியலில் சேர்ந்தபோது, தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு ஆங்கிலப் பாடம் பிடிபடவில்லை. கேட்கவும் கூச்சம். அவன்தான் முதலில் எழுந்து, தப்புத் தப்பான ஆங்கிலத்தில் சந்தேகம் கேட்பான். வகுப்பு சிரிக்கும், அவனும் சேர்ந்து சிரிப்பான். பிறகு எங்களுக்கும் வாய் திறந்தது. செய்முறைத் தேர்வில் கொடுத்த உப்பு என்னவென்று தெரியாமல் விழித்தவன், "மெஸ் சாம்பார்ல போடாம விட்ட உப்பு இதுதான் சார்" என்றான். தேர்வாளர் சிரித்தார், மதிப்பெண் போடவில்லை.

கல்லூரியில் கேலி என்றாலே நிறத்தையோ உயரத்தையோ ஊர்ப்பேச்சையோ சொல்லி ஒருவரை ஓட்டுவதுதான். அவனுடைய கேலிக்கு ஆள் அவன் மட்டுமே. அவன் சிரிக்கவைத்ததால் யாரும் கூனிக்குறுகியதில்லை.

கவலை இல்லாதவன் என்றுதான் பலரும் நினைத்தார்கள். விடுதிக் கட்டணத்துக்காக அவன் அம்மாவின் வளையல் அடகுக்கடைக்குப் போய்வந்தது அறைத் தோழர்களுக்கு மட்டுமே தெரியும். துன்பம் வரும்போது சிரிக்கச் சொன்ன வள்ளுவர், அதை 'இடுக்கண் அழியாமை' அதிகாரத்தில், பொருட்பாலின் அரசியல் பகுதியில் வைத்தார். நாட்டை ஆள்பவன் பழகிக்கொள்ள வேண்டிய திறமைகளுள் ஒன்றாகத்தான் அந்தச் சிரிப்பைக் கண்டார். கலகலப்பு சிலருக்குப் பிறவியிலேயே வாய்த்தது என்கிறோம். அவனைப் பொறுத்தவரை அது உழைப்பு. அடுத்தவருக்காகச் செய்த உழைப்பு.

திண்ணைப் பேச்சைக் கேட்டபடி நின்ற அவன் மகள், "அப்பா இப்படியெல்லாம் பேசுவாரா மாமா?" என்றாள். வீட்டில் அவன் வரவு செலவு பார்க்கும், அதிகம் பேசாத அப்பாவாம். குடும்பப் பாரம் அவனையும் விட்டுவைக்கவில்லை.

இறந்தவரைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்தி நல்லவர், வல்லவர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். அது அவர் பிள்ளைகளுக்கு முன்பே தெரியும். அவர் அடித்த கூத்துகளைச் சொல்லுங்கள். தகப்பனின் இருபது வயதைப் பிள்ளைகள் பார்த்ததில்லை. கூடப் படித்தவர்கள்தான் பார்த்தோம்.