புல்லரிப்பது கருத்தா?

மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங்கில், ஒட்டுக்கடையில் நாலு பேர் உட்கார்ந்து, பழைய கெடாவான கடாரத்தின் அதிசயங்களைப் பற்றி ஒரு பாட்காஸ்ட் கேட்கிறார்கள் என்று வையுங்கள். முடிந்ததும் நேயர் கருத்து என்ன வரும்? "கேட்கவே புல்லரிக்குது அண்ணே! இந்த மண்ண நாமதான் ஆண்டோம்."

புல்லரிப்பது தோலின் வேலை. கருத்துச் சொல்வது மூளையின் வேலை. அதற்குக் கொஞ்சம் வேலை கொடுப்போம்.

1006 வாக்கில், கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி பௌத்த விகாரத்துக்குச் சோழ மன்னன் ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்தான். தந்தையின் அந்தக் கொடையை நிலைக்கச் செய்து செப்பேட்டில் வெட்டுவித்தவன் ராஜேந்திரன். அதே ராஜேந்திரன்தான் 1025இல் கப்பற்படையை அனுப்பிக் கடாரத்தைத் தாக்கினான். அரசனைப் பிடித்ததையும், யானைகள், பொருட்குவியல், வித்யாதர தோரணம் என்ற வாயில் வரை கைப்பற்றியதையும் அவனுடைய மெய்க்கீர்த்தியே அடுக்குகிறது.

ஏறக்குறைய அதே நேரத்தில், 1025-26இல், கஜினி முகமது சோமநாதர் கோயிலைச் சூறையாடினான். அது கொள்ளை, இது வெற்றியா? அடித்தவன் நம் மொழி பேசினால் அடி வலிக்காதா?

சரி, "நாம" யார்? பீடோங் தமிழரில் பெரும்பாலோரின் பாட்டன் சோழனின் கப்பலில் வரவில்லை. கங்காணி ஆள்கட்ட, கடல் தாண்டி வந்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவினான். லயம் என்ற தோட்டத்து வரிசை வீட்டை விட்டு இறங்கினால் கள்ளுக்கடை. தோட்டம் கொடுத்த கூலியைத் தோட்டத்துக் கள்ளே வாங்கிக்கொண்டது. அதை எதிர்த்து, இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தொண்டர் படையைத் திரட்டினார். கூலிக்காரர்களே கள்ளுக்கடைகளை மறித்தார்கள். 1947இல் பீடோங்கில் திரண்ட தொழிலாளர்களைப் போலீஸ் அடித்துக் கலைத்தது. ஒரு தொழிலாளி உயிரையே விட்டார்.

இது நடந்தது இதே ஊரில். பாட்டிமார் பார்த்திருக்கக்கூடிய காலத்தில். இதைப் பற்றி ஒரு பாகம் போடுங்கள் என்று எத்தனை நேயர்கள் எழுதுகிறோம்? பக்கத்துச் சுங்கை பத்துவில் மண் குழாய் வழியே காற்றூதி இரும்பு உருக்கியவர்கள் யார் என்றாவது கேட்கிறோமா? உழைத்தவன் கதை வந்தால் தள்ளிவிட்டு, ராஜா கதைக்குத்தான் காதைத் தீட்டுகிறோம்.

ராஜ வம்சம் என்று சொல்ல ஆசை. கூலி வம்சம் என்று சொல்ல வெட்கம். அடுத்தவன் ஊரைச் சூறையாடியவனுக்கு வாரிசாவதா மானம், தன் ஆட்களைக் குடியிலிருந்து மீட்க அடி வாங்கியவனுக்கு வாரிசாவதா? இதற்குப் பதிலைச் சொல்லிவிட்டு அப்புறம் புல்லரியுங்கள்.