மீண்டும் வரும் டிராம்

மறைந்த பொருள் ஒன்று மீண்டு வரும்போது மனித மனம் மகிழ்கிறது. இடிந்த ஆலயம் எழும்பினாலும், வழக்கொழிந்த விழா மீண்டும் தொடங்கினாலும், நமக்குரிய ஏதோ ஒன்றைத் திரும்பப் பெற்றதாகவே உணர்கிறோம். இம்மகிழ்ச்சி இயல்பானது. ஆனால் இயல்பான உணர்வெல்லாம் அறமாகிவிடுவதில்லை. திரும்பி வருவது யாருக்காக வருகிறது, அதற்கு வழிவிட்டு ஒதுங்குபவர் யார் என்று கேட்ட பின்னரே அம்மகிழ்ச்சி தகுமா என்று சொல்ல இயலும். நகர வீதிகளிலிருந்து மறைந்த டிராம் வண்டிகளைப் பாரம்பரியச் சின்னமாக மீண்டும் ஓட்ட வேண்டும் என்னும் விருப்பம், இக்கேள்வியைத்தான் நம்முன் வைக்கிறது.

நம் மாநிலத்துக்கு டிராம் அயலானதன்று. இந்தியாவின் முதல் மின்சார டிராம் 1895 மே 7 அன்று சென்னையில்தான் ஓடத் தொடங்கியது. துறைமுகப் பகுதியை நகரின் உட்பகுதியோடு அது இணைத்தது. 1921ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 24 கிலோமீட்டர் தண்டவாளமும் 97 வண்டிகளும் இருந்தன. பின்னர் நிறுவனம் நொடித்துப்போக, 1953 ஏப்ரல் 12 அன்று சென்னை டிராம் நின்றது. பம்பாயில் 1964இல் நின்றது. கொல்கத்தாவில் மட்டும் தொடர்ந்து ஓடி, 2023இல் நூற்றைம்பது ஆண்டு விழாவையும் கண்டது. அடுத்த ஆண்டே, 2024 செப்டம்பரில், மைதானத்துக்கும் எஸ்பிளனேடுக்கும் இடையே ஒரு சிறு தடத்தை மட்டும் பாரம்பரியச் சின்னமாக வைத்துக்கொண்டு ஏனையவற்றைக் கைவிடப்போவதாக மேற்கு வங்க அரசு அறிவித்தது. கல்கத்தா டிராம் பயணிகள் சங்கமோ நிறுத்தப்பட்ட தடங்களைத் திரும்பக் கேட்டு வந்தது. உயர் நீதிமன்றம் வரை வழக்கும் சென்றது.

அந்நகர் டிராமின் தொடக்க வரலாற்றிலேயே ஒரு பாடம் இருக்கிறது. முதல் வண்டி 1873 பிப்ரவரி 24 அன்று சியால்டாவிலிருந்து ஹூக்ளிக் கரையிலுள்ள ஆர்மேனியன் படித்துறை வரை குதிரைகளால் இழுக்கப்பட்டு ஓடியது. போதிய ஆதரவின்றி அதே ஆண்டு நவம்பரில் நின்றுபோனது. ஏழாண்டுகள் கழித்து 1880இல் புதிய நிறுவனம் ஒன்று ஆற்றோரத்து ஸ்டிராண்டு சாலை வழியாக அதனை மீண்டும் ஓட்டியது. ஆக, டிராம் ஒருமுறை போய்த் திரும்பி வந்த வண்டிதான். ஆனால் அன்று அதனைத் திருப்பி அழைத்தது ஏக்கமன்று, தேவை. இன்று அழைப்பது எது என்பதே நாம் ஆராய வேண்டியது.

ஆற்றுக்கு அணித்தே அதனை ஒட்டினாற்போல் வடக்கு நோக்கிச் செல்லும் சித்பூர் சாலையை எண்ணிப் பாருங்கள். இன்று ரவீந்திர சரணி என்று பெயர் பெற்ற அச்சாலை, நகரினும் பழையது. தாகூர் குடும்பத்தின் ஜோராசாங்கோ இல்லம் அதன் அருகேதான் இருக்கிறது. ஆற்று மண்ணைக் குழைத்துத் திருவுருவங்கள் வனையும் குமார்துலித் தொழிலாளர் குடியிருப்பும் அவ்வழியே. அந்த ஒடுங்கிய தெருவிலும் டிராம் ஓடியதுண்டு. அங்கே ஒரு வண்டிக்கு இடம் கொடுப்பதென்றால் வேறு யாரேனும் இடம் விட்டே ஆக வேண்டும். சுமைவண்டி இழுப்பவரும், நடைபாதை வணிகரும், பள்ளிக்குச் செல்லும் சிறுவரும் அங்கே ஒரு சாண் இடத்துக்கும் கணக்குப் பார்த்து வாழ்பவர்கள்.

எனவே அரசின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. கொல்கத்தா நகரப் பரப்பில் ஆறு விழுக்காடே சாலை என்றும், மெதுவாகச் செல்லும் டிராம் நெரிசலைக் கூட்டுகிறது என்றும் அவர்கள் கூறினர். ஆயினும் இக்கணக்கில் இன்னொரு பக்கமும் உண்டு. ஒருவரோ இருவரோ அமர்ந்து செல்லும் கார் எவ்வளவு தெருவை எடுத்துக்கொள்கிறது? நாள் முழுதும் ஓரத்தில் நிறுத்தி வைக்கப்பட்ட கார் எவ்வளவு எடுத்துக்கொள்கிறது? பலரை ஒன்றாக ஏற்றிச் செல்லும் வண்டியை இடையூறு என்றும், ஒருவருக்காக ஓடும் வண்டியைப் போக்குவரத்து என்றும் அழைப்பது நீதியாகாது. இடம் குறைவாக இருக்குமிடத்தில்தான் பகிர்வு என்னும் அறத்துக்கு வேலையே இருக்கிறது.

அப்படியானால் சின்னமாக ஒரு தடத்தை மட்டும் காப்பது போதாதா? இங்கே நம் ஊர்த் தொழில் எனக்கு ஒரு வெளிச்சம் தருகிறது. விருத்தாசலம், நல்லூர் வட்டாரத்தாருக்குப் பீங்கான் புதிதன்று. களிமண் கரைசலை அச்சில் வார்த்துச் செய்த பொம்மையும் சூளைக்குள் போகிறது. வீட்டு மின்சாரத்துக்குக் காவலாய் நிற்கும் பியூஸ் கேரியரும் சூளைக்குள்தான் வேகிறது. ஒன்று கண்ணாடி அலமாரியில் அமர்கிறது. மற்றொன்று சுவரில் இருந்தபடி விளக்கைக் காக்கிறது. இரண்டில் எதுவும் இழிவில்லை. பொம்மை குழந்தைக்கு மகிழ்ச்சி, செய்தவருக்குச் சோறு. ஆனால் பொம்மையை மாட்டிவிட்டு அதுவே பியூஸ் கேரியர் என்று சொன்னால் அது பொய். டிராமும் அவ்வாறே. சுற்றுலாவினர் ஏறிப் படமெடுத்து இறங்கும் வண்டி ஒரு பொம்மை. அழகிய பொம்மையாகவும் இருக்கலாம். அதற்குத் திறந்த மைதானத்தில் இடம் கொடுக்கலாம். ஏழைகளின் ஒடுங்கிய தெருவை அதற்காகக் கேட்பது முறையன்று.

புதுச்சேரிக் கடற்கரையில் 2014 நவம்பரில் இடிந்து விழுந்த மேரி கட்டடம், பழைய உருவிலேயே எழுப்பப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது. அது தனக்குரிய பழைய இடத்திலேயே நிற்கிறது. யாருடைய வழியையும் கேட்கவில்லை. வண்டி அப்படியன்று. அது பிறர் வாழ்வின் ஊடே ஓடுவது. ஆகையால் கட்டடத்தை மீட்பதைவிட வண்டியை மீட்பதில் அறப்பொறுப்பு மிகுதி.

இதற்கு உலகில் ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் துறைமுகத்தை ஒட்டி நின்ற உயர்மட்டச் சாலை 1989 நிலநடுக்கத்தில் சிதைந்து, 1991இல் இடிக்கத் தொடங்கப்பட்டது. கடலோரம் மீண்டும் மக்களுக்குத் திறந்தது. 2000ஆம் ஆண்டு முதல் அவ்வழியே பழைய டிராம்கள் ஓடுகின்றன; இத்தாலியின் மிலான் நகரில் ஓடியவையும் அவற்றுள் உண்டு. அவற்றில் ஏறுவோர் நகரப் பேருந்துக்குரிய கட்டணத்தையே செலுத்துகின்றனர். பயணியும் பார்வையாளரும் ஒரே இருக்கையில் அமர்கின்றனர். அங்கே பழமை அலமாரியில் இல்லை, வேலை செய்கிறது.

நினைவைக் காப்பவர் உயிரையும் காக்க வேண்டும். லிஸ்பன் நகரில் 1885 முதல் இயங்கி வந்த குளோரியா இழுவை வண்டி 2025 செப்டம்பர் 3 அன்று கம்பி அறுந்து மோதியதில் பதினாறு பேர் மாண்டனர். பழமையின் மீது கொண்ட அன்பு பராமரிப்பில் காட்டப்படாவிடில் அது அன்பே அன்று. நினைவு உண்மையாகவும் இருக்க வேண்டும். 1953இல் கொல்கத்தாவில் இரண்டாம் வகுப்புக் கட்டணம் ஒரு பைசா உயர்ந்தபோது மக்கள் தெருவில் இறங்கிப் போராடினர். மறு ஆண்டு வங்கக் கவிஞர் ஜீவனானந்த தாஸ் டிராமில் அடிபட்டு இறந்தார். பித்தளைக் கைப்பிடியையும் மணியோசையையும் மட்டும் நினைவில் வைத்து, அந்த ஒரு பைசாவை மறந்துவிடுபவர், டிராமை நினைவுகூரவில்லை. தம் ஆசையையே அலங்கரிக்கிறார்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வழங்கிய ‘லவுதாத்தோ சி’ திருமடலின் நான்காம் அதிகாரத்தில் இயற்கைச் செல்வத்தோடு பண்பாட்டுச் செல்வத்தையும் காக்கும்படி கூறுகிறார். பண்பாடு என்பது கடந்த காலம் விட்டுச் சென்ற சின்னங்கள் மட்டுமன்று, மக்கள் பங்கேற்கும் உயிருள்ள நிகழ்காலமும் ஆகும் என்று விளக்குகிறார். அதே அதிகாரத்தில் பொதுப் போக்குவரத்துக்கு முதலிடம் தர வேண்டும் என்பதையும் வலியுறுத்துகிறார். இரண்டு அக்கறைகளும் ஒரே அதிகாரத்தில் அமைந்திருப்பது சிந்திக்கத்தக்கது.

நம் வழிபாடு கற்பிப்பதும் இதுவே. ஆண்டவர் தம் நினைவாகச் செய்யும்படி கட்டளையிட்டது ஒரு காட்சியை அன்று. பகிர்ந்துண்ணும் ஓர் உணவை. பசித்தவருக்குப் பகிரப்படாத அப்பத்தால் அவர் நினைவு நிறைவடைவதில்லை. தொடக்க நூலும் மண்ணால் உருவம் வனைந்ததோடு நிறுத்தவில்லை; உயிர்மூச்சு ஊதப்பட்ட பிறகே அது மனிதனாயிற்று என்கிறது. தண்டவாளத்தையும் பெட்டியையும் பழைய வண்ணத்தில் மீட்பது உருவம் வனைவதே. நாள்தோறும் வேலைக்குச் செல்பவரும், மருத்துவமனைக்குப் போகும் முதியவளும், கூடை சுமந்த பெண்ணும் தங்களால் கொடுக்க இயலும் கட்டணத்தில் ஏறி அமர்வதே அதன் உயிர்மூச்சு.

ஆகவே, ஆற்றோரத்து ஒடுங்கிய தெருவுக்கு டிராம் திரும்ப வேண்டுமா என்று எவரேனும் கேட்டால், தண்டவாளத்தைப் பார்க்குமுன் அத்தெருவில் நடப்பவர்களைப் பார்க்கச் சொல்வோம். அவர்களை ஏற்றிச் செல்ல வருமாயின், அத்தெரு ஒடுங்கியதாயினும் வழிவிடட்டும். அவர்களை வேடிக்கைப் பொருளாக்கிக் கடந்து செல்ல வருமாயின், அது மைதானத்தோடு நிற்கட்டும்.