தாரை சொன்ன சொல்

நாகல் நகரில் எங்கள் வீட்டுப் பேச்சு சௌராஷ்டிரம். ராமாயணம் மட்டும் கம்பன் தமிழில்தான் காதில் விழுந்தது. புரட்டாசியில் பெருமாள் கோயில் மண்டபத்தில் சொற்பொழிவு நடக்கும். அம்மா தூணோரமாக உட்காருவார். அப்பா போனபோது அம்மாவுக்கு முப்பத்தொரு வயது.

ஒரு வருஷம் கிட்கிந்தைப் படலம். கொடுத்த வாக்கை மறந்து சுக்கிரீவன் மதுவில் மயங்கிக் கிடக்க, இலக்குவன் கொதித்துப்போய் வருகிறான். அனுமன் சொன்ன யோசனைப்படி, வாலியை இழந்த அவன் மனைவி தாரை வழிமறிக்கிறாள். கழுத்தில் தாலியில்லை, தலையில் பூவில்லை. பார்த்ததும் இலக்குவனுக்குத் தன் தாய்மார் ஞாபகம் வந்து கண் கலங்குகிறது. மண்டபமே உருகியது. அம்மா மட்டும் குனிந்து தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பகலெல்லாம் ராட்டையில் தார் சுற்றிய விரல்கள். நகக்கண்ணில் அரக்குச் சாயம் ஏறியிருந்தது. உடுத்தியிருந்தது வெள்ளை.

வால்மீகியைப் பிற்பாடுதான் படித்தேன். அங்கே தாரை சுக்கிரீவனோடு வாழ்கிறாள். மதுவின் தள்ளாட்டத்தோடுதான் இலக்குவன் முன் வருகிறாள். வந்து, அவன் கோபம் தணியும்படி பேசவும் செய்கிறாள். விடியலில் நினைக்கச் சொல்லும் பஞ்ச கன்னியரில் அவளும் ஒருத்தி. இரண்டாவது வாழ்க்கை அவள் பேரைக் கெடுத்துவிடவில்லை. அவளைக் கைம்பெண்ணாகவே நிறுத்தியவன் கம்பன். அது மரியாதையா, வேலியா?

கம்பன் மேல் எனக்குள்ள அன்பு குறையாது. வால்மீகியில் ராவணன் சீதையின் கூந்தலைப் பற்றித் தூக்குகிறான். கம்பனுக்கு அது பொறுக்கவில்லை. அவளைத் தொடாமல், பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்து எடுத்துப்போனதாகப் பாடினான். அதே மனசுதான் தாரையையும் காக்கப் பார்த்தது. ஆனால் இந்தக் காவலுக்கு அவள் மிச்ச ஆயுளே விலையாகிவிட்டது.

அவள் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. வாலி சண்டைக்குக் கிளம்பும்போது, ராமன் துணைக்கு வந்திருக்கிறான், போக வேண்டாம் என்று தடுத்தவள் தாரை. அவன் கேட்கவில்லை. மறைந்து எய்த அம்பு மார்பில் தைத்தது. இரண்டு கவிகளுமே இதை மாற்றவில்லை. தாலி கழுத்தில் இருந்த நாளிலேயே அவளுக்கு அந்தப் புத்தி இருந்தது.

அம்மாவும் கூலிக் கணக்கில் ஒரு பைசா பிசகாமல் மூன்று பிள்ளைகளைக் கரையேற்றினார். தெரு புகழ்ந்ததோ அவர் உடுத்திய வெள்ளையை.

கதை சொல்லும் பெரியவர்களே, வரும் புரட்டாசியில் தாரை வாலியைத் தடுக்கும் இடத்தில் கொஞ்சம் நின்று சொல்லுங்கள். தூணோரம் உட்கார்ந்து கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.