குளிரின் முன் நோயாளி யார்?

குளிர்காலத்தில் உறைவிடத்தைக் குறைந்த செலவில் வெதுவெதுப்பாக வைத்துக்கொள்வது வெறும் விறகுக் கணக்காகத் தோன்றினாலும், எவ்வளவு வெப்பம் உடலின் தேவை, எந்த இடத்தில் அது சுகபோகமாகிறது என்னும் கேள்வி அதற்குள் அடங்கியிருப்பதால், துறவு நெறிகளாலும் சமயச் சட்டங்களாலும் அதைக் கடந்து போக இயலவில்லை.

பௌத்தத் துறவியரின் ஒழுக்க விதிகளைத் தொகுத்துக் கூறும் பாலி விநயபிடகம், நோயுறாத பிக்கு குளிர்காய்வதற்காகத் தீ மூட்டுவதையும் பிறரைக்கொண்டு மூட்டுவிப்பதையும் பாசித்தியம், அதாவது சக பிக்குவிடம் ஒப்புக்கொண்டு தீர்த்துக்கொள்ள வேண்டிய குற்றம், என வகுக்கிறது. பொந்துள்ள பெரிய மரக்கட்டையைக் கொளுத்திப் பிக்குகள் குளிர்காய்ந்தபோது, சூடு தாளாமல் உள்ளிருந்து வெளிப்பட்ட கரும்பாம்பு அவர்கள்மேல் பாய்ந்ததே அவ்விதி பிறந்த காரணம் என்கிறது அந்நூல். ஆயினும் பிறர் மூட்டிய தீயிலும், சுடர் அடங்கிய தணலிலும் குளிர்காய்வது குற்றமன்று; செலவில்லாத வெப்பத்தை விதி தடுக்கவில்லை. தீயின் இடத்தைத் துணி நிரப்புகிறது. வைசாலியின் கோதமகச் சேத்தியத்தில், பனி பெய்யும் இரவொன்றில் புத்தர் ஓர் ஆடையுடன் திறந்தவெளியில் அமர்ந்து, யாமம் முடிந்து குளிர் உறைக்குந்தோறும் மற்றோர் ஆடையைப் போர்த்திப் பார்த்த பின்னரே, இரட்டை மடிப்புப் போர்வை, மேலாடை, இடையாடை ஆகிய மூன்றையும் பிக்குகளுக்கு அனுமதித்தார் என அதே பிடகம் கூறுகிறது. அந்த அளவு குளிரைத் தாங்குபவரைக் கொண்டன்றி, குளிருக்கு அஞ்சுபவரைக் கொண்டே எடுக்கப்பட்டது.

ஐரோப்பாவின் கிறித்தவத் துறவியருக்கான பெனடிக்ட் நெறி, குளிர்ப் பகுதிகளில் கூடுதல் ஆடை தேவை என ஏற்று, அளவைத் தீர்மானிக்கும் பொறுப்பை மடத்தலைவரிடம் விட்டது. 9ஆம் நூற்றாண்டின் சாங்க்ட் காலன் மடாலய வரைபடத்தில், துறவியர் துயிலும் மாடத்துக்குக் கீழே அனைவருக்கும் பொதுவான வெப்ப அறை காட்டப்பட்டுள்ளது.

யூதச் சட்டத்தில் சிக்கல் வேறு வகையானது. சப்பாத் எனப்படும் வாராந்தர ஓய்வுநாளில் தீ மூட்டுதல் கூடாது. யூதரல்லாதவரை மூட்டச் சொல்வதும் பொதுவாகக் கூடாது. ஆனால் நோயாளிக்காகச் சொல்வதற்கு இடமுண்டு. 16ஆம் நூற்றாண்டில் சட்டங்களைத் தொகுத்த யோசேப் காரோ, குளிர்நாடுகளில் கடுங்குளிரின் முன் எல்லாரும் நோயாளர் நிலையினரே என்னும் கொள்கையை ஏற்று, நோயற்ற பெரியவர்களுக்காகவும் அவ்வாறு மூட்டச் செய்யலாம் என்றார்; குளிர் கடுமையாக இல்லாத நாளிலும் அச்சலுகையைப் பயன்படுத்துவோரை அவர் ஏற்கவில்லை.

விநயபிடகமும் ஏறத்தாழ இங்கேதான் வந்து சேர்கிறது என்பது வியப்புக்குரியது. மேற்கண்ட விதியிலுள்ள நோயுற்றவர் என்னும் சொல்லுக்கு, தீயில்லாமல் எவருக்கு இதமாக இல்லையோ அவர் என்றே அது பொருள் தருகிறது. நோயைக் காட்ட வேறு அறிகுறி எதுவும் வேண்டாம் என்றால் விதி தன்னைத்தானே கரைத்துக்கொள்கிறது என வாதிடலாம். ஆனால் அவ்வாறு கொள்ளத் தேவையில்லை. தணல் எதுவும் கிட்டாத இரவில் மூன்று ஆடைகளையும் போர்த்திய பின்னும் உடல் நடுங்கியதா என்பதை, பெனடிக்ட் மடத்தைப் போலத் தலைவரிடம் விடாமல், மறுநாள் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டிய அதே பிக்குவிடம் அது விட்டுவிடுகிறது.