தேரோட்டி மகனுக்கு யார் அழுவது?

கர்ணன் களம் புறப்படுகிறான். போனவன் திரும்பமாட்டான் என்பது பாயில் படுத்தபடி கூத்துப் பார்க்கும் சிறுவனுக்கும் தெரியும். மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வந்து நிற்கிறான் மாவீரன். அவளோ முகம் திருப்புகிறாள். அரசன் மகள் அவள். அவனோ தேரோட்டி வீட்டில் வளர்ந்தவன். "தாழ்ந்த பிறவிக்கு நான் ஆரத்தி எடுப்பதா?" என்று கேட்கிறாள். சாவுக்குப் போகிறவனுக்கும் மனைவி கையால் மரியாதை இல்லை! நள்ளிரவு தாண்டியும் முடியாத வாக்குவாதம் அது. கடைசியில், அவன் குந்தியின் தலைமகன் என்ற உண்மை வெளிப்படுகிறது. உடனே அவள் உள்ளம் உருகுகிறது. காலில் விழுகிறாள். கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொள்கிறது.

கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சிற்றூர்களில் திரௌபதி அம்மன் திருவிழா நடக்கும் நாள்களில் இந்தக் 'கர்ண மோட்சம்' இன்றும் ஆடப்படுகிறது. பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் தெருக்கூத்து, முடிவில் மண்ணால் கிடத்திய மாபெரும் துரியோதனன் படுகளம். அப்படி ஒரு மேடையின் ஓரத்தில் நாமும் விடியும்வரை நின்றிருக்கிறோம். இரண்டாம் ஷிப்ட் முடிந்து கம்பெனிச் சட்டையோடு வந்த இளைஞர்கள், மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒசூர், 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின் முகம் மாறிய ஊர். லாரி செய்கிறது, மோட்டார் சைக்கிள் செய்கிறது, கைக்கடிகாரம் செய்கிறது. பழங்கணக்கில் சொன்னால் தேர் செய்கிறவர்களும் தேர் ஓட்டுகிறவர்களும் நிறைந்த ஊர். தேரோட்டி மகனின் கதைக்கு இதைவிடப் பொருத்தமான சபை ஏது?

அந்தச் சபையிலே நின்றபோதுதான் நம் உள்ளத்தில் முள்ளாய்த் தைத்தது ஒரு கேள்வி. பொன்னுருவி ஏன் இளகினாள்? கணவனின் வீரத்தைக் கண்டா? கொடையைக் கண்டா? அவனோடு வாழ்ந்த வாழ்வை எண்ணியா? இல்லை. அவன் உயர்குலத்தான் என்று தெரிந்ததும் இளகினாள்! அப்படியானால், அவன் மெய்யாகவே அதிரதனுக்கும் ராதைக்கும் பிறந்திருந்தால்? மறைந்திருக்கும் அரச பரம்பரை எதுவும் இல்லாமல், வெறும் தேரோட்டி மகனாகவே செத்திருந்தால்? அவள் இளகியிருப்பாளா? நாமும் அழுதிருப்போமா?

"ஐயோ, சத்திரியனைச் சூத்திரன் என்று இழித்தார்களே!" என்று அழுவது ஒன்று. "மனிதனைப் பிறப்பால் இழித்தார்களே!" என்று அழுவது வேறொன்று. முதல் அழுகை சாதியைக் காப்பாற்றுகிறது. முத்திரை தவறி விழுந்துவிட்டதே என்று மட்டும் வருந்துகிறது. முத்திரை குத்துவது தகுமா என்று அது கேட்பதில்லை. பன்னூறு ஆண்டுகளாக இந்த மண் கர்ணனுக்காக அழுதிருக்கிறது. அழுத கண்ணோடு வீடு திரும்பி, சேரிக்குத் தனிக் குவளையும் வைத்திருக்கிறது. இரண்டும் ஒரே நெஞ்சில் எப்படிக் குடியிருந்தன என்பதற்கு விடை, அந்த முதல் அழுகையிலே இருக்கிறது.

மேடை அவலத்தைத் திரைக்குக் கொண்டுவருகிறவன் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. "மூலத்தை மாற்றலாமா? அது துரோகமல்லவா?" என்பார்கள் பழைமைக் காவலர். எந்த மூலம் என்று கேட்போம். கிழ அந்தணன் வடிவில் கண்ணன் வந்து, சாகக் கிடப்பவனிடம் புண்ணியம் அனைத்தையும் தானமாகக் கேட்கும் காட்சி, தமிழ்நாடே அறிந்த காட்சி. வியாசர் பாரதத்தில் அது இல்லை, வில்லிபுத்தூரார் பாடியது. நாகக் கணையை ஒருமுறைக்கு மேல் விடாதே என்று குந்தி வரம் வாங்குவதும் வியாசரில் இல்லை. பொன்னுருவியின் பிணக்கு கூத்து மரபு வளர்த்தது. ஒவ்வொரு தலைமுறையும் தனக்கு வேண்டிய கர்ணனைச் செய்துகொண்டது. பி. எஸ். ராமையாவின் 'தேரோட்டி மகன்' நாடகத்தை சேவா ஸ்டேஜ் மேடையேற்றியபோது அது இன்னொரு கர்ணன். மாற்றுவது குற்றமன்று. எதை மாற்றினார்கள், யாருக்காக மாற்றினார்கள் என்பதே வழக்கு.

1964 பொங்கலுக்கு வந்தது 'கர்ணன்' திரைப்படம். இயக்கியவர் பி. ஆர். பந்துலு, கிருஷ்ணகிரி எல்லைக்கு அப்பால் கோலார் வட்டாரத்தில் பிறந்தவர். சக்தி கிருஷ்ணசாமியின் உரையாடல், கண்ணதாசனின் பாட்டு, விசுவநாதன்–ராமமூர்த்தியின் இசை, சிவாஜி கணேசனின் நடிப்பு. 2012இல் புதுப்பித்து வெளியிட்டபோதும் மக்கள் திரண்டார்கள். அந்தப் படம் செய்த பெரிய மாற்றம் எது தெரியுமா? பொன்னுருவியை எடுத்துவிட்டு, கணவன்மீது காதல் கொண்ட சுபாங்கியை வைத்தது. பிறப்பை இகழும் சொல்லை அவள் பிறந்த வீட்டுக்கு உரியதாக ஆக்கிற்று. காதற்பாட்டுக்கு இடம் கிடைத்தது. குடும்பங்கள் கூடிப் பார்க்கும் படமும் கிடைத்தது. ஆனால் கூத்து துணிந்து காட்டிய ஒன்று மறைந்துபோயிற்று. சாதி நீதிமன்றத்திலும் போட்டிக்களத்திலும் மட்டும் இல்லை, படுக்கையறையிலும் இருக்கிறது என்ற உண்மைதான் அது. படிப்பறியாக் கூத்தன் காட்டிய கசப்பை, பட்டணத்துக் காமிரா இனிப்பாக்கிவிட்டது என்போம்.

அந்த நடிப்பின் பெருமையை நாம் மறுக்கவில்லை. இங்கே வேடிக்கை ஒன்றையும் எண்ணிப்பார்க்க வேண்டும். கணேசன் 'சிவாஜி' ஆனது அண்ணாவின் 'சிவாஜி கண்ட இந்து சாம்ராஜ்யம்' நாடகத்தால். பெரியார் சூட்டிய பட்டம் அது. அந்த நாடகத்தின் பொருள் என்ன? வாளால் நாடு பிடித்த மராட்டியன் முடிசூட வேண்டுமானால், காகபட்டர் வந்து பிறப்புக்குச் சான்று தர வேண்டியிருந்தது என்பதே! சத்திரியச் சான்று இல்லாமல் சிங்காதனமும் இல்லை என்ற கொடுமையை அண்ணா சான்றின் பக்கம் நின்று எழுதவில்லை. சான்று கேட்பவனைச் சந்தியில் நிறுத்தி எழுதினார். கர்ணன் கதைக்கும் அந்தப் பார்வைதான் வேண்டியிருந்தது.

இன்னொன்று, செய்ந்நன்றி. துரியோதனன் அங்க நாட்டைக் கொடுத்தான்; ஆகவே அவன் செய்வது அநீதி என்று தெரிந்தும் அவனுக்காகச் சாக வேண்டும் என்கிறது கதை. நட்பின் சிறப்புக்கு நாமும் தலை வணங்குகிறோம். ஆனால் சபையில் ஒரு பெண்ணின் துகில் உரியப்பட்டபோதும் வாய்மூடி நிற்கச் சொல்லும் நன்றி, நன்றியா அடிமைச்சீட்டா? ஜப்பானில் அகிரா குரோசாவா, ஷேக்ஸ்பியரின் 'மாக்பெத்'தை 1957இல் படமாக்கினார். ஷேக்ஸ்பியரில் கொடுங்கோலனைக் கொல்பவன் மாக்டஃப் என்னும் பிரபு. குரோசாவாவோ, அவன் சோற்றைத் தின்ற வீரர்களே அவன்மீது அம்பு மழை பொழிவதாக மாற்றினார். ஒரே மாற்றம், நாடகத்தின் நீதியே திரும்பிவிட்டது! ஊதியத்தை உபகாரம் என்றும், வேலையைப் பிச்சை என்றும் ஒப்பந்தத் தொழிலாளிக்குச் சொல்லித்தரும் காலத்தில், செஞ்சோற்றுக் கடனைக் கேள்வி கேட்காமல் திரையில் ஏற்றுவது எளிய பிழையன்று.

1991இல் மணிரத்னத்தின் 'தளபதி' கர்ணனைச் சாகவிடாமல் பிழைக்கவைத்தது. பிறப்பின் மருமத்தை மட்டும் பழையபடியே வைத்துக்கொண்டது. 2021இல் மாரி செல்வராஜின் 'கர்ணன்' வந்தது. அங்கே ஊர்ப்பெரியவர் துரியோதனன். காவல் அதிகாரி கண்ணபிரான். நாயகனுக்குச் சூரியத் தந்தையும் இல்லை, அரசத் தாயும் இல்லை. பஸ் நிற்காத ஊரின் பிள்ளை, அவ்வளவுதான். அவனுக்காக மக்கள் கைதட்டினார்கள். மருமம் இல்லாமலே கர்ணன் நிற்பான் என்பதற்கு அது சாட்சி. வாளைத் தூக்கிப்பிடித்த அதன் முடிவில் நமக்குக் கருத்து வேற்றுமை உண்டு. அதை வேறொரு நாள் பேசலாம்.

எல்லைக்கு அப்புறம் கன்னடத்தில் பி. எம். ஸ்ரீகண்டையா, சோபக்ளிசின் 'அஜாக்ஸ்' அவலத்தை 'அசுவத்தாமன்' ஆக்கினார். கிரேக்கனுக்குப் பாரத உடை போட்டுப் பார்க்க அவருக்குத் தயக்கமில்லை. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் பேசும் ஒசூரில் பிறக்கவேண்டிய முயற்சி அது என்று நமக்கு ஓர் ஆசை.

இதெல்லாம் கலை விவாதம்தானே, இதற்கு ஏன் இத்தனை வேகம் என்று கேட்பீர்கள். 2018 நவம்பரில், ஒசூர்ப் பகுதியில் சாதி கடந்து மணம் புரிந்த இளம் இணையர் கொல்லப்பட்டார்கள். எல்லை கடந்து கர்நாடகத்துக் காவிரியில் உடல்கள் மிதந்தன. அந்த இளைஞனுக்கு மருமப் பிறப்பு எதுவும் இல்லை. "இவன் உண்மையில் எங்கள் சாதிதான்" என்று கடைசி நேரத்தில் சொல்லித் தப்பிக்கவைக்கக் குந்தி எவளும் ஓடிவரவில்லை. பாரதம் கேட்டு வளர்ந்த வட்டாரம் இது, தோழர்களே!

ஆகவே, கர்ணனைத் திரைக்குக் கொண்டுவர விரும்பும் இளைஞனுக்கு நாம் சொல்வது இது. புதிதாக எதையும் கற்பிக்க வேண்டாம்; வியாசரின் உத்தியோக பருவத்தைத் திறந்து பார். கண்ணன் வந்து, "நீ பாண்டவர்க்கு மூத்தவன், வா, முடி உனக்கே" என்கிறான். கர்ணன் மறுக்கிறான். துரியோதனன் தந்த அரசை மட்டும் அவன் காரணமாகச் சொல்லவில்லை. என்னை எடுத்து வளர்த்தவள் ராதை, என்மீது கொண்ட அன்பால் அவளுக்குப் பால் சுரந்தது, அதிரதன் பார்த்துவைத்த சூத குலப் பெண்களை மணந்தேன், எனக்குப் பிள்ளைகளும் பேரர்களும் இருக்கிறார்கள் என்கிறான். அரச குலம் கையில் வந்து விழுந்தபோது, தேரோட்டி குலமே என் குலம் என்று சொன்னவன் அவன்! அவனுக்கு 'ராதேயன்' என்றே பெயர். இந்தக் கர்ணனைத்தான் கூத்தும் சினிமாவும் குந்தியின் மடியில் கொண்டுபோய்க் கிடத்திவிட்டன.

அந்த இரவு கூத்து முடிந்து, அரிதாரம் கலைத்துக்கொண்டிருந்த வாத்தியாரிடம் இதைச் சொன்னோம். கர்ணன் விழும்போது குந்தி வரவேண்டாம், ராதை வரட்டும், அவள் மடியில் சாகட்டும் என்றோம். தேங்காய் எண்ணெய் தடவிய துணியால் முகத்தைத் துடைத்தபடி வெகுநேரம் யோசித்தார்.

"ராதைக்கு எங்ககிட்ட பாட்டு இல்லையே, ஐயா. குந்தி பொலம்பலுக்குத்தான் பாட்டு இருக்கு" என்றார். பிறகு, கர்ணன் வேடம் கட்டிய மகனைப் பார்த்து, "குந்தி மெட்டுலயே போட்டுப் பாக்கலாமாடா?" என்று கேட்டார்.