நின்ற வண்டியைத் தேடி வருபவன்





மாம்பழக் கதை தெரியாதவங்க நம்மில் யாரும் இல்லை. உலகத்தை முதலில் சுற்றி வர்றவருக்குப் பழம்னு சொன்னாங்க. முருகன் மயிலேறிப் பறந்தார். பிள்ளையார் அம்மையப்பனைச் சுற்றி வந்து பழத்தை வாங்கிக்கிட்டார். "புத்தி ஜெயிச்சது, வேகம் தோத்தது"ன்னு சொல்லி நாம கதையை முடிச்சிடுறோம்.

ஆனா கதை அங்கே முடியலை. கோபிச்சுக்கிட்டு மலையேறி நின்ற பிள்ளையைத் தேடி சிவனும் பார்வதியும் வந்தாங்க. "நீயே பழம்"னு சொன்னாங்க. பழனிங்கிற பேருக்கே அதுதான் காரணம்னு பெரியவங்க சொல்வாங்க. இந்த இரண்டாம் பாதியைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

எனக்கு இதன் அர்த்தத்தைச் சொல்லித் தந்தவர் என் அப்பா. சங்கரன்கோவிலில் கார் மெக்கானிக்கா இருந்தவர். இப்போ முருகன் திருவடியில் இருக்கார்.

அப்பா சின்ன வயசில் தொழில் கத்துக்கிட்டது மெட்ராஸில். அங்கே அவருக்கு ஒட்டிக்கிட்டது கார் பந்தய ஆசை. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் அப்போ பந்தயம் நடக்கும். நடத்தியது, 1953-ல் தொடங்கின மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப். ரோட்டில் ஓடுற அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு வண்டிகளையே பட்டறையில் தயார் பண்ணி இறக்குவாங்க. சீட்டைக் கழற்றி எடையைக் குறைப்பாங்க. எஞ்சின் ஹெட்டை ஃபேசிங் பண்ணி கம்ப்ரஷனைக் கூட்டுவாங்க. வீட்டு வாசலில் நிக்கிற அதே கார்தான், ஆனா ஒரு மெக்கானிக்கோட கைபட்ட கார். அதுதான் அப்பாவுக்குப் பிடிச்சது.

ஊர் திரும்பிப் பட்டறை போட்ட பிறகும் அந்த ஆசை போகலை. 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பந்தய டிராக் வந்தப்போ, பேப்பரில் வந்த படத்தை வெட்டிப் பட்டறைச் சுவரில் ஒட்டினார். அதுக்குப் பக்கத்தில் கழுகாசலமூர்த்தி படம். மாசாமாசம் கிருத்திகை விரதம் இருந்து கழுகுமலைக்குப் போய் வர்றவர் அவர்.

"சாமி படத்துக்குப் பக்கத்துல காரு படமா அண்ணாச்சி?"ன்னு யாராவது கேட்டா சிரிப்பார். "சங்கரனும் நாராயணனும் ஒரே உடம்புல நிக்கிற ஊரு இது. அந்தக் கோலத்தைப் பாக்கத்தானே கோமதியம்மா ஒத்தைக்கால்ல தவம் நின்னா? நம்ம சுவத்துல ரெண்டு படம் சேந்து இருந்தா என்னவே?"ன்னு கேட்பார்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்னைக்கு எனக்கு மார்க் ரொம்பக் குறைவு. மாடியில் போய் உக்காந்துட்டேன். அப்பா கிரீஸ் கையோட ஏறி வந்து பக்கத்தில் உக்காந்தார். அப்போ சொன்னதுதான் இது: "ஜெயிச்ச வண்டியப் பாத்து ஊரே ஓடும்ல. பாதியில நின்ன வண்டியப் பாத்து ஓடுறவன் மெக்கானிக் மட்டும்தான். பழனிக்கு சிவன் வந்தது அப்படித்தான். பழம் கிடைச்ச பிள்ளைகிட்ட அவருக்கு என்ன வேலை? நின்னுபோன பிள்ளைகிட்டதான வேலை."

அடியார்களே, இதைவிட எளிமையா இறைவனோட கருணையைச் சொல்ல முடியுமான்னு எனக்குத் தெரியலை.

அப்பா அடிக்கடி ஒரு பேரைச் சொல்வார்: கோயம்புத்தூர் கரிவரதன். பெரிய மில் குடும்பத்தில் பிறந்தவர், நல்ல பந்தய வீரர். தான் ஜெயிச்சா போதும்னு அவர் நிக்கலை. மாருதி 800 எஞ்சினை வச்சு ஃபார்முலா மாருதிங்கிற பந்தயக் காரை உருவாக்கினார். குறைஞ்ச செலவில் இளைஞர்கள் பந்தயத்துக்கு வர அது வழி திறந்தது. 1995-ல் ஒரு சின்ன விமானம் விழுந்து அவர் இறந்துட்டார். ஃபார்முலா மாருதியில் தொடங்கின கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன், 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டின முதல் இந்தியர் ஆனார். கரிவரதன் அதைப் பார்க்க இல்லை. ஆனா அடுத்தவன் ஓடணும்னு அவர் போட்ட உழைப்பு ஓடிக்கிட்டுதான் இருந்தது. தகப்பன் குணம்னா அதுதான்.

என் அப்பாவும் சொல்லை வாழ்ந்து காட்டினவர். திருச்செந்தூர் போற குடும்பம் ராத்திரி ரெண்டு மணிக்குத் திருநெல்வேலி ரோட்டில் வண்டி நின்னு தவிச்சா, ஸ்பானர் பையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிடுவார். கூலி வாங்குவார், வேலைக்குக் கூலி நியாயம்தானே. ஆனா அந்த வண்டி கிளம்பி, பின் விளக்கு வளைவில் மறையிற வரைக்கும் ரோட்டிலேயே நிப்பார். "முருகா, கொண்டு சேத்துரு"ன்னு ஒரு வார்த்தை. அதுதான் அவரோட மந்திரம்.

இன்னைக்கு இதைப் படிக்கிற பலர் பாதி வழியில் நின்னிருக்கலாம். நீட் தேர்வு, டிஎன்பிஎஸ்சி, கிடைக்காத வேலை, முறிஞ்ச உறவுன்னு காரணம் எதுவா இருந்தாலும் சரி. "முருகன் என்னைக் கைவிட்டுட்டான்"னு மட்டும் சொல்லாதீங்க. தோத்து நிக்கிற வலி அவனுக்குப் புதுசு இல்லை. உலகம் முழுக்க ஒரு மூலை விடாம, குறுக்கு வழி தேடாம சுற்றி வந்தும் பழம் கிடைக்காம நின்னவன் அவன். உன்னைத் தேடி வர அவனுக்கு வழி தெரியும்.

சிலருக்கு அப்படித் தேடி வர்ற அப்பா அமையலைன்னு எனக்குத் தெரியும். அவங்களுக்குப் பழனியாண்டவனே அப்பன். சும்மாவா அவனை "அப்பனே முருகா"ன்னு கூப்பிடுறோம்?

அப்பா இருக்கிறவங்க, இந்த வாரம் அவர்கிட்ட அவருக்குப் பிடிச்ச ஒண்ணைப் பத்திக் கேளுங்க. பழைய வண்டியோ, பாட்டோ, பந்தயமோ, எதுவா இருந்தாலும் அவர் சொல்லி முடிக்கிற வரைக்கும் உக்காந்து கேளுங்க. அப்பா இல்லாதவங்க, அவர் படத்துக்கு மாலை போடுறதோட நிறுத்தாம, நின்னுபோன ஒருத்தர்கிட்ட நடந்து போங்க. ரிசல்ட் வந்த அன்னைக்கு போன் எடுக்காத நண்பனா இருக்கலாம், கதவைச் சாத்திக்கிட்ட தம்பியா இருக்கலாம். அறிவுரை எதுவும் வேண்டாம். பக்கத்தில் உக்காந்தா போதும்.

வேலும் மயிலும் துணை. அரோகரா!